அறுவைக்குப் பின் வரும் ஆண்டுகள்

எலும்பியல் அறுவை மருத்துவத்தில் இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

முழு இடுப்பு மூட்டு மாற்றத்தை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்று 2007-இல் லான்செட் இதழின் கட்டுரை ஒன்று போற்றியது. அந்தப் பெருமை ஒரு பெரிய தோல்வியின் மேல் எழுந்தது. அதை நீங்கள் அறிந்துகொண்டு போகவேண்டும்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பியல் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, 1950களின் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய 300 இடுப்பு மூட்டுகளில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். வலி தீர்ந்தது, நோயாளிகள் நடந்தார்கள். சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு கட்டிக்கொண்டு எலும்பை அரித்தது. நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்ததால்தான் சார்ன்லிக்கு அது தெரிந்தது. தாம் வைத்ததைத் தாமே மறுபடி அறுத்து எடுத்தார். அந்தத் துகள் உடலை என்ன செய்கிறது என்றறியத் தம் தொடையிலேயே அதைச் செலுத்திப் பார்த்து, விளைவை வெளியிட்டார்.

அப்போது ஒரு விற்பனையாளர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டார். அவருடைய ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் மட்டும் அதைத் தேய்மானப் பொறியில் ஏற்றினார். அது தேயவே இல்லை என்று சொல்லுமளவுக்குத் தாங்கியது. 1962 நவம்பரில் அந்தப் பொருளாலான கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உங்கள் அறுவை அரங்கிலும் கிரேவன்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதற்குக் காது கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, ரைட்டிங்டனுக்கு வந்து கற்றவர்களுக்கு மட்டுமே அந்த மூட்டை விற்கவேண்டும் என்றார் சார்ன்லி. அறுவைக் கல்விக்கு இதைவிட நேர்மையான விதி எனக்குத் தெரியாது.

ஒருவர் கண்ணுக்குத் தப்புவதைப் பதிவேடு பிடித்துவிடும். ஸ்வீடன் 1979-லேயே இடுப்பு மூட்டுப் பதிவேடு தொடங்கியது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் மூட்டை 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். ஆஸ்திரேலியப் பதிவேட்டின் கணக்கு அதற்கு முன்பே எச்சரித்திருந்தது.

இன்னொன்று, அறுவைக்கு முந்தைய காத்திருப்பைப் பற்றி. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த 'ஹிப் அட்டாக்' ஆய்வு 2020-இல் வெளியானது. இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு 24 மணி நேரத்துக்குப் பதில் 6 மணி நேரத்தில் அறுவை செய்ததால் இறப்பு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, விரைவில் எழுந்து நின்றார்கள். நம் பாட்டிகள் கழிவறையில் வழுக்கி விழுந்து, வைத்தியர் கட்டோடு நாள்கணக்கில் கிடந்த பிறகு வருகிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்தத் தாமதத்தை உங்கள் ஊரிலேயே பேசிக் குறைக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மாற்றும் ஒவ்வொரு மூட்டின் ஸ்டிக்கரையும் நோயாளியின் தொடர்பு எண்ணையும் மருத்துவமனைப் பதிவில் சேருங்கள். ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் பத்தாண்டிலும் அழையுங்கள். பஸ் படி ஏற முடிகிறதா, இரவில் தொடை வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்பவரை அந்த வாரமே வரச்சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, நீங்களே பாருங்கள்.