மாசிக்குப் பின்னும் கத்தரிக்காய்



எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-இல் பிறந்த ஊர், கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல். அந்தக் கரிசல் மண்ணில் வீட்டுக்குக் காய்கறி போடுகிறவர்களுக்கு, மண்ணைச் செத்தை சருகால் மூடி வைக்கிற மூடாக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய சீமை இது. தை வரை நிலத்தில் ஈரம் நிற்கும். மாசி பிறந்தால் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிப்பு வழியே காற்றும் வெக்கையும் இறங்கி அடி ஈரத்தையும் குடித்துவிடும். மண் விலகும்போது கத்தரியின் பக்கவேர்கள் அறுபடும். ஊற்றுகிற தண்ணீர் வேரில் தங்காமல் வெடிப்புக்குள் ஓடும். கிணறு வற்றி, காய் விலை ஏறுகிற காலமும் அதுதான்.

பங்குனியில், நாலு விரல் கனத்துக்குச் செத்தை பரப்பிய பாத்தியில் கையை விட்டுப் பாருங்கள். மண் பொலபொலவென்று உதிரும். விரலில் குளிர்ச்சி ஒட்டும். பக்கத்தில் மூடாத இடத்தில் கம்பி கூட இறங்காது.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் வேலை பார்த்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். மானாவாரிப் பயிருக்கு ரசாயன உரம் எவ்வளவு என்று சோதிக்கிற வேலை. ஏழைச் சம்சாரிக்கு இதனால் ஆவதென்ன என்று மனம் கேளாமல் 1969-இல் வெளியேறினார். பின்னாளில் அவர் ஊர் ஊராகச் சொல்லி வந்தவற்றில் மூடாக்கும் உண்டு.

ஜப்பானில் இயற்கை உழவர் ஃபுகுவோகா வைக்கோலை முழுக்க வயலுக்கே திருப்பிக் கொடுத்தார். நம் ஊரில் அது முடியாது. சோளத்தட்டையும் உளுந்தம்பொட்டும் மாட்டின் வாய்க்குப் போக வேண்டியவை. அதைப் பிடுங்கிச் செடிக்குப் போடச் சொல்வது நியாயமாகாது. மாடு கழித்துப் போட்ட கூளம், தரிசில் தானாக முளைக்கிற கொழிஞ்சி, ஆவாரந்தழை, வேப்பஞ்சருகு போதும். என் மதிப்பில் கொழிஞ்சிதான் முதல். ஆடும் அதை அதிகம் சீண்டாது; மட்கினால் தழைச்சத்தும் தரும்.

காய்ந்த மண்ணை மூடிப் பயனில்லை. கடைசி மழை ஈரம் இருக்கும்போதே களையெடுத்துவிட்டுப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். அடைமழையில் மட்டும் செத்தையை ஒதுக்கி வையுங்கள். கரிசல் தண்ணீரை எளிதில் விடாது, மேலே மூடியும் வைத்தால் மிளகாயும் கத்தரியும் வேரழுகிப் போகும்.

பிளாஸ்டிக் தாளும் ஈரத்தைக் காக்கும். ஆனால் வெயிலில் கிழிந்து துண்டு துண்டாக மண்ணில் கிடக்கிறதே, அதை யார் பொறுக்குவது? வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம்.

கோழி கிளறும், காற்று தூக்கும் என்று சிலர் தயங்குகிறார்கள். செத்தைமேல் பருத்திமாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். இரண்டுக்கும் அது அசையாது.