மரத்தூளும் பனிமலைத் தூசியும்



நம் சங்கத்தின் பொன்விழா மேடையில் பேச எங்களுக்கும் வாய்ப்பளித்த நிர்வாகத்தினருக்கு முதற்கண் நன்றி. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் மளிகைக் கடைக்கே திரும்பி வந்தவர்கள் நாங்கள். "அறிவியலில் ஏதாவது பேசுங்க தம்பி" என்று செயலாளர் சொன்னபோது யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்த கடையிலிருந்தே தொடங்குகிறோம்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில், ஆயர் தாவாருக்கு லாரியில் வரும் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி வைப்பார்களாம். சாயங்காலம் வரை தாங்கும் என்பார் அத்தா. அதே பாளத்தின் மேல் ஒரு சிட்டிகை கரித்தூளைத் தூவி வெயிலில் வைத்துப் பாருங்கள், சீக்கிரமே கரைந்துபோகும். கனமாக மூடினால் தூள் வெப்பத்தை உள்ளே விடாமல் காக்கிறது. மெல்லியதாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சி, அந்தச் சூட்டை நேரே ஐஸுக்குக் கொடுத்துவிடுகிறது.

இமயமலையில் நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். புதிதாகப் பெய்த தூய பனி, தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் தூசி படிந்தால் அந்த வெண்மை குறைகிறது. பனி உருக உருக, அதற்குள் முன்பே புதைந்திருந்த தூசியும் மேலே வந்து சேர்கிறது. நிறம் இன்னும் கறுக்கிறது, உருகுவதும் இன்னும் வேகமாகிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போலத்தான்.

அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலிருந்து, அரபு நாட்டு மணல்வெளிகளிலிருந்து, ஆப்பிரிக்காவின் சகாராவிலிருந்தும்கூடக் காற்றில் ஏறி வருகிறது. அதில் இரும்புத் துருவின் வகையைச் சேர்ந்த தாதுக்கள் உண்டு. நம் தோட்டத்துச் செம்மண் சடக்குக்கு நிறம் கொடுப்பதும் அவைதாம். வெயிலை உறிஞ்சுவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதை எப்படி ஆராய்கிறார்கள்? மலையேறிப் பனியை அள்ளி வந்து, உருக்கி, வடிதாளில் வடிகட்டுகிறார்கள். தாளில் தங்கும் கறையின் வழியே ஒளியைச் செலுத்தி, எந்த நிற ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். புகைக்கரி எல்லா நிறத்தையும் விழுங்கும். செந்தூசியோ நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். அதை வைத்து எது கரி, எது மண் என்று பிரிக்கலாம். ஆள் ஏற முடியாத சிகரங்களைச் செயற்கைக்கோள் பார்க்கிறது. இந்த வழியில், சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சந்தன் சாரங்கியும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிக உயரமான இடங்களில் பனியைக் கறுக்கச் செய்து உருக்குவதில் புகைக்கரியைவிடத் தூசிக்கே பங்கு அதிகம் என்பது அவர்கள் முடிவு.

ஆயர் தாவாரில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பிரியாணி போடும் பாஸ்மதி, பஞ்சாப் சமவெளியில் விளைவது. இந்தியப் பக்கமும் பாகிஸ்தான் பக்கமும் அந்த வயல்களுக்குப் பாயும் ஆறுகளில் இமயத்துப் பனிநீர் கலந்திருக்கிறது. பனி முன்கூட்டியே உருகினால், பயிருக்கு வேண்டிய நாளில் தண்ணீர் குறையும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியதற்குக் காரணம் பனித்தூசி அல்ல. ஆனாலும் தூரத்து வயல் நம் அடுப்பை எப்படித் தொடுகிறது என்பதை வியாபாரிகளாகிய நாங்கள் அன்று கண்ணால் பார்த்தோம்.

பாலைவனக் காற்றை நாம் நிறுத்த முடியாது. புகைக்கரி அப்படியல்ல, அதில் பெரும்பகுதி மனிதன் போடுவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன், 1999இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த பெரிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். தெற்காசியாவின் மேல் பழுப்புப் புகைமேகம் கவிந்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும், புகைக்கரியோ சில நாள், மிஞ்சினால் இரண்டொரு வாரம்தான் காற்றில் நிற்கும். எரிப்பதை நிறுத்தினால் பலன் உடனே தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் பழக்கம் எங்கள் கடையிலும் இருந்தது. சட்டம் தடுக்கிறது என்று தெரிந்தேதான் செய்தோம். 2019 புகைமூட்டத்தில் அண்டை நாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கை மகன் இழுப்பு வந்து மூச்சுக்குத் திணறினான். அன்றோடு நிறுத்தினோம். எங்கள் புகை இமயத்துக்குப் போயிருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குப் போயிருக்கும்.

ஆகவே இந்தப் பொன்விழாவில் சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். நம் கடைகளிலும் சங்க விருந்துகளிலும் குப்பையை எரிப்பதில்லை என்று தீர்மானம் போடுவோம். கல்வி உதவியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் பாராமல், ஒரு பங்கு ஒதுக்குவோம். இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு விழா மேடையில் அவர்களில் ஒருவர் நின்று பேசட்டும், நாம் கீழே அமர்ந்து கேட்போம்.

வஸ்ஸலாம்.