மஞ்சள் இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறதா?



தலைமை வகிப்பவர் நாலு பேரைப் பாராட்டிவிட்டு அமர்வதுதான் மரபு. நான் ஒரு குறையோடு தொடங்குகிறேன். இந்தக் கருத்தரங்குக்கு வந்த ஆய்வுச் சுருக்கங்களில் பல, 'அழற்சியைத் தணிக்கும்' என்று சொல்கின்றன. எவ்வளவு உண்டால், உடம்பில் எந்த இடத்தில் தணிக்கும் என்று சொல்பவை சிலவே.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை மஞ்சளிலுள்ள குர்குமின் அடக்குவதைச் செல் வளர்ப்புத் தட்டுகளில் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்குதான், ஏறக்குறைய. குழம்புக்குப் போடும் ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் தேறினால் பெரிது. அதிலும் பெரும்பகுதி குடல் வழியே வெளியேறிவிடுகிறது. உள்ளே போவதைக் குடற்சுவரும் ஈரலும் உடனே உருமாற்றிவிடுகின்றன.

1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கானது. ரசத்தில் மிளகு போட்ட பாட்டிக்கு இது அன்றே தெரியும் என்று சொல்லி மேடைதோறும் கைதட்டல் வாங்குகிறோம். ஒன்றுமே இல்லை எனத்தக்க அளவின் 20 மடங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை! செறிவூட்டிய மாத்திரையாக்கினால் வேறு வம்பு வருகிறது. 2019இல் இத்தாலியில் அப்படிப்பட்ட மாத்திரை உண்ட சிலருக்கு ஈரல் அழற்சியே வந்து, அந்நாட்டு அரசு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது.

அதற்காக மஞ்சளைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 2006இல் ஜப்பானில், பெருங்குடல் புண் அழற்சி அடங்கியிருந்த 89 பேரிடம் ஆறு மாதச் சோதனை நடந்தது. வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் பெற்றவர்களில் மதிப்பிடப்பட்ட 43 பேரில் இருவருக்கே நோய் திரும்பியது. போலி மாத்திரை பெற்றவர்களில் மதிப்பிடப்பட்ட 39 பேரில் எட்டுப் பேருக்கு. சிறிய சோதனைதான். ஆனாலும் என்னை யோசிக்க வைத்தது. இரத்தத்தில் சேராத பொருளானாலும் குடற்சுவரை நேரே தொடுகிறதல்லவா? நம் நோய் எதிர்ப்புச் செல்கள் பலவும் அங்கே குடியிருக்கின்றன.

நார்ச்சத்தின் கதையும் அங்கேதான் நடக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் ஆக்குகின்றன. அது எதிர்ப்பாற்றலின் கடிவாளமான ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குவதை 2013இல் எலிகளில் காட்டினார்கள். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, இந்த பாக்டீரியாக்களுக்கே இரையாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியினர் பழைய சோற்றைக் குடல் அழற்சிக்கு ஆராய முனைந்ததை அதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடையேறியதும் முதலில் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா, கொடுத்த அளவு என்ன, அந்த அளவு ஒரு வேளைச் சாப்பாட்டில் கிடைக்குமா. நேரம் போதாவிட்டால் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் அமர்வு நார்ச்சத்தைப் பற்றியது. அதன் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.