தித்திக்கும் மருந்தும் தேயும் பல்லும்



மொழிக்கென அமைந்த இவ்வவையில் பல்லைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குத் தொல்காப்பியரே விடை தந்துள்ளார். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில், தகரமும் நகரமும் நாவின் நுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்துவதால் பிறக்கின்றன என்றும், வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறக்கிறது என்றும் அவர் வகுத்துக் காட்டுகிறார். ‘தமிழ்’ என்னும் பெயரின் முதல் ஒலியே பல்லைத் தொட்டுத்தான் பிறக்கிறது. மூன்று வயதிலேயே மேல் முன்பற்களை இழந்துவிட்ட குழந்தைக்கு இவ்வொலிகள் தடுமாறக்கூடும். ஏழெட்டு வயதில் நிலைப்பற்கள் முளைக்கும் வரை அக்குழந்தை பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும் வாய்விட்டுப் படிக்கவும் சிரிக்கவும் கூசி நிற்பதுண்டு. ஆகவே பல்லைக் காப்பது ஆசிரியர்க்கும் உரிய பணியே.

பற்கள் கெடுவதற்குக் காரணங்கள் பல. மிட்டாயையும் இனிப்புப் பானத்தையும் நாம் எளிதில் குறை கூறுகிறோம். நோய் தீர்ப்பதற்கென்று நாமே அளந்து ஊட்டும் நீர்ம மருந்தை ஐயுறுவதில்லை. இன்று அதனைப் பற்றியே பேச விழைகிறோம்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அறிந்த மருந்து கசப்பு மருந்து. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை வாட்டிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துக் கொய்னா கொடுத்தார்கள். தோட்ட மருத்துவமனையில் டிரெசர் கலக்கிக் கொடுத்த மருந்தும் நாவை உலுக்கியது. இன்று சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ தாமான் வீட்டில் வளரும் குழந்தை அறிந்த மருந்து வேறு. அது ஆரஞ்சுச் சுவையிலும் ஸ்ட்ராபெரிச் சுவையிலும் வருகிறது. குழந்தை அடம்பிடிக்காமல் விழுங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் நல்லதே. அந்தச் சுவைக்குள் இருப்பவை எவை என்பதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது சீனி. சுக்ரோஸ் என்று சிட்டையில் குறிக்கப்படும் இச்சீனி மூன்று வேலைகளைச் செய்கிறது: கசப்பை மறைக்கிறது, மருந்தைப் பாகுபோல் கெட்டியாக்குகிறது, கெடாமல் காக்கிறது. இரண்டாவது அமிலம். சித்ரிக் அமிலம் போன்றவை பழச்சுவையைத் தருவதோடு மருந்தின் நிலைத்தன்மைக்கும் உதவுகின்றன. இவை இரண்டும் மருந்துக்கு நன்மை செய்பவை, பல்லுக்கு அவ்வாறல்ல.

பல்லின் மேலுறையான பற்சிப்பி, அதாவது எனாமல், மனித உடலின் மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். அதனை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆதலால் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் உடைந்த பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை. பால்பற்களின் சிப்பியோ நிலைப்பற்களின் சிப்பியைவிட மெலிந்தது.

கடினமான ஒன்று கரையுமா என்று மாணவர்கள் கேட்கலாம். கிந்தாப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு விடை கண்முன்னே நிற்கிறது. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளையும் கோப்பெங் அருகிலுள்ள தெம்புரோங் குகையையும் பாருங்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் நெடுங்காலம் ஊறி ஊறிப் பாறையைக் கரைத்துக் குகைகளைக் குடைந்திருக்கிறது. குன்றில் இருப்பதும் கால்சியச் சேர்மமே. பல்லில் இருப்பதும் கால்சியச் சேர்மமே. வாயில் உள்ள நீர்மத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பி தன் கனிமத்தை இழக்கத் தொடங்குகிறது. குழந்தைகளுக்கான நீர்ம மருந்துகளில் பல அந்த அளவுக்கும் கீழ்ப்பட்ட அமிலத்தன்மை உடையவை.

மருந்தினால் பல்லுக்கு வரும் கேடு இருவகைப்படும். மருந்தில் உள்ள அமிலம் நேரே பற்சிப்பியின் மேற்பரப்பை மென்மையாக்கித் தேய்ப்பது ஒன்று. இதனை அரிமானம் எனலாம். மருந்தில் உள்ள சீனியைப் பல்லில் படிந்த நுண்ணுயிர்கள் உண்டு, அவை அமிலத்தை வெளியிட்டுக் குழி பறிப்பது மற்றொன்று, இதுவே சொத்தை. சீனி பட்ட சில நிமிடங்களில் பற்படலத்தின் அமிலத்தன்மை ஏறுவதையும், அது தணிய அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆவதையும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீஃபன் 1940களில் அளந்து காட்டினார்.

குன்றுக்கு இல்லாத ஒரு காவல் பல்லுக்கு உண்டு, அது உமிழ்நீர். அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீண்டும் பல்லில் படியச் செய்வதும் அதன் வேலை. ஆயின் உறங்கும்போது உமிழ்நீர் பெரிதும் குறைந்துவிடுகிறது. சளிக்குத் தரப்படும் சில மருந்துகளும் வாயை உலர்த்துகின்றன. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, அதிலும் இறுதி வேளை படுக்கையில் என்று மருந்து புகட்டப்பட்டால், பல்லுக்கு மீள்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. சீனியின் அளவைவிட அது எத்தனை முறை, எந்த வேளையில் பல்லைத் தொடுகிறது என்பதே பெரிதும் கணக்கில் வருகிறது.

இஃது ஊகம் அன்று. 1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனி கலந்த நீர்ம மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து உட்கொண்ட குழந்தைகளுக்கு, ஏனைய குழந்தைகளைவிடச் சொத்தையும் ஈறு அழற்சியும் மிகுந்திருந்ததைக் காட்டியது. அதன் பின்னர் சீனியற்ற குழந்தை மருந்துகள் அந்நாட்டில் பரவலாயின.

இரண்டு நாள் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வலிப்பு நோய், ஆஸ்துமா, இதயக் கோளாறு முதலியவற்றுக்காக மாதக் கணக்கில் மருந்து உண்ணும் குழந்தைகளைப் பற்றியே கவலை. இதயக் கோளாறு உள்ள குழந்தைக்குச் சொத்தைப் பல் வெறும் வலியோடு நிற்பதில்லை. அதிலிருந்து கிருமிகள் குருதியில் கலந்து இதயத்தின் உட்சுவரைத் தாக்கக்கூடும். மருந்து யாருக்கு மிகத் தேவையோ, அவர்களுக்கே பற்கேடு மிகுந்த தீங்காகிறது.

ஆகவே இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இவ்வுரையைக் கேட்டு எந்தத் தாயும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தை ஒரு வேளை விட்டால் நேரும் தீங்கு ஒரு சொத்தையைவிடப் பன்மடங்கு பெரிது. மாற்ற வேண்டியது மருந்தை அன்று, கொடுக்கும் முறையை.

மருத்துவரிடமும் மருந்தாளரிடமும், “இதில் சீனி இல்லாத வகை உண்டா? பிள்ளை மாத்திரை விழுங்கும் வயதினன், மாத்திரையாகத் தரலாமா?” என்று கேட்கலாம். சீனி இல்லாதது என்றாலும் அமிலம் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். இயன்றவரை உணவு வேளையோடு கொடுங்கள். எனினும் உணவுக்கு முன்னா பின்னா என்பதில் மருத்துவர் சொல்லே முடிவு. ஊசியில்லாப் பீற்றுக்குழலால் கன்னத்தின் உட்புறமாகக் கொடுத்தால் முன்பற்களில் படிவது குறையும். கொடுத்தபின் நீர் பருகச் செய்யுங்கள். அமிலத்தால் மென்மையான பல்லை உடனே துலக்கினால் தேய்மானம் கூடும். அரைமணி நேரம் கழித்துத் துலக்குவது நலம். இரவு மருந்தைப் பல் துலக்குவதற்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். துலக்கிய பின்னர் நீர் மட்டுமே. பால் புட்டியில் மருந்தைக் கலப்பதும், மருந்து குடித்ததற்குப் பரிசாகச் சீனி கொடுப்பதும் வேண்டா. ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று வயதுக்கு உட்பட்டவர்க்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயதினர்க்கு ஒரு பட்டாணி அளவும் இட்டால் போதும்.

இந்நாட்டில் பல் நலத்துக்கு நல்ல அடித்தளம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர் பயிற்சிப் பள்ளி பினாங்கில் 1949இல் தொடங்கியது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாடு தழுவிய திட்டமாக்க 1972இல் அரசாங்கம் முடிவு செய்தது. பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில், மாணவன் தொடர்ந்து உண்ணும் மருந்தின் பெயரையும் குழுவினரிடம் தெரிவித்தால் அவர்கள் பணி எளிதாகும். அப்பெயரை அறிந்து சொல்லக்கூடியவர் பெற்றோர். அவர்களிடம் கேட்டு வைக்கக்கூடியவர் வகுப்பாசிரியர்.

மொழிக்கு உரிய பணி ஒன்றும் எஞ்சியிருக்கிறது. மருந்துப் புட்டியின் சிட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. பெற்றோர் வேலைக்குச் சென்ற வீடுகளில் பேரப்பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாட்டிமார் பலர் தமிழ் மட்டுமே படித்தவர்கள். சிலர் அதுவும் படிக்க வாய்ப்பில்லாமல் தோட்டத்தில் பால் வெட்டி நம்மை ஆளாக்கியவர்கள். மூன்று மொழிகளையும் பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்களே, இங்கே உங்கள் கல்விக்கு வேலை இருக்கிறது. வீட்டிலுள்ள புட்டியை எடுத்து, அதில் ‘சுக்ரோஸ்’ என்றோ ‘குலா’ என்றோ ‘அசிட் சித்ரிக்’ என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை வேளை, எவ்வளவு, எப்போது என்பதையும் பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் இதனை அறிவியல் பாடத்தின் ஒரு பயிற்சியாகவே தரலாம். தம்பி தங்கையின் பற்கள் அப்பயிற்சியால் பிழைக்கும்.