படத்துக்குத் திரை போடுவது யார் வேலை?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



போட்டோ போடுவதைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆட்சேபணையில்லை. ஆனால் இன்று எவன் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அதிலெடுத்த படம் பைசா செலவில்லாமல் முன்பின் அறியாத ஆயிரம் பேர் கண்ணில் போய் விழுகிறது. ரத்தத்தில் கிடக்கும் பிணமும், அம்மணமான உடம்பும், தீயில் வெந்த குழந்தையும் அப்படியேதான் போய் விழுகின்றன. காலையில் காப்பி குடித்துக்கொண்டே போனைத் திறக்கிறவனை, இதைப் பார்க்கிறாயா என்று நாம் கேட்டோமா என்பதுதான் கேள்வி.

பேஸ்புக் போன்றவற்றில் இந்த வேலையைக் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்கிறான். எந்த லட்சணத்தில் பார்க்கிறான் என்பதற்கு ஒரு சங்கதி சொல்லுகிறேன். 1972 ஜூன் 8ந் தேதி வியட்நாமில் நாப்பாம் நெருப்புக் குண்டு விழுந்து, உடம்பு வெந்து, துணியில்லாமல் அழுதுகொண்டு ஓடிவந்தாள் ஒன்பது வயதுக் குழந்தை கிம் ஃபுக். அந்தப் படத்தை உலகமே அறியும். 2016இல் நார்வே தேசத்து எழுத்தாளர் ஒருவர் அதைப் பேஸ்புக்கில் போட்டார். 'நிர்வாணம்' என்று எடுத்துவிட்டார்கள். ஆஃப்டன்போஸ்டன் என்ற பத்திரிகை முதல் பக்கத்திலேயே கண்டித்து எழுதிற்று. அந்நாட்டுப் பிரதம மந்திரி எர்னா சோல்பெர்க் அம்மையார் அதே படத்தைப் போட்டார். அதையும் எடுத்தார்கள். உலகம் கூச்சலிட்ட பிறகுதான் பணிந்தார்கள். குண்டு போட்ட அக்கிரமம் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, குழந்தைக்குத் துணியில்லாததுதான் தெரிந்தது!

ஒற்றை எஜமான் கையில் எல்லாம் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று கருதியவர்கள் வேறு ஏற்பாடு செய்தார்கள். 2010இல் டயஸ்போரா வந்தது. 2016இல் மாஸ்டடான் வந்தது. இவற்றில் ஒரே கம்பெனி கிடையாது. ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் தனித்தனி சர்வர் வைத்துக்கொள்ளலாம். (சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவரல்ல, படத்தையும் எழுத்தையும் வைத்துக் காக்கும் கம்ப்யூட்டர்.) தபாலாபீஸ்கள் ஒன்றுக்கொன்று கடிதம் மாற்றிக்கொள்வது போல இந்தச் சர்வர்கள் பதிவுகளை மாற்றிக்கொள்ளுகின்றன. அப்படி மாற்றிக்கொள்வதற்கான ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதி 2018இல் அங்கீகாரம் பெற்றது. 2024இல் ப்ளூஸ்கை அழைப்பில்லாமலே எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. இவை தவிர நாஸ்டர் என்று ஒன்றும் இருக்கிறது.

எஜமான் ஒழிந்தான், சந்தோஷம். ஆனால் அவன் செய்துவந்த வேலையும் கூடவே ஒழிந்துவிட்டதா? இல்லை. அது படம் போடுகிறவன் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒவ்வொன்றிலும் திரை ஒவ்வொரு மாதிரி. மாஸ்டடானில் இரண்டு உண்டு. படத்தை மட்டும் மங்கலாக்கி மூடுவது ஒன்று. மேலே ஓர் எச்சரிக்கை வாசகம் எழுதி எழுத்தையும் படத்தையும் சேர்த்து மூடுவது மற்றொன்று. அதில் நம் சொந்த வார்த்தையில் எதையும் எழுதலாம். ப்ளூஸ்கையில் அப்படி எழுத இடமில்லை. ஆபாசம், நிர்வாணம், கோரக்காட்சி என்பது போன்ற சில லேபிள்களில் ஒன்றை ஒட்டத்தான் முடியும். பாம்பு கடித்து வீங்கிய காலுக்கோ, தூக்குக் கயிற்றின் படத்திற்கோ தனி லேபிள் கிடையாது. ஆகவே அங்கே முதல் பதிவில் எழுத்தால் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, படத்தை அதற்குக் கீழே மறுமொழியாகப் போடுவது நலம். டயஸ்போராவில் அதற்கென்றுள்ள குறிச்சொல்லைச் சேர்த்தால்தான் மூடும். நாஸ்டரில் எச்சரிக்கைக் குறி வைக்கலாம், ஆனால் அதை மதிப்பதும் மதிக்காததும் பார்க்கிறவன் வைத்திருக்கும் செயலியின் இஷ்டம்.

இதனால் விளங்குவதென்ன? இங்கே போட்ட திரை அங்கே கூடவே போகும் என்று நம்ப முடியாது என்பதே. ஒரு வலையில் போட்டதை மற்றொன்றுக்குத் தானாகக் கொண்டுபோகும் பாலங்கள் உண்டு. சாதாரணப் பதிவுக்கு அவை சௌகரியம்தான். ரத்தம் தெரியும் படத்தைப் பாலத்தின்மேல் அனுப்பாதீர்கள். அந்தந்த இடத்தில் அந்தந்தத் திரையைக் கையாலேயே போடுங்கள். போட்ட பிறகு அழித்துவிடலாமே என்பதும் பலிக்காது. நம் சர்வர் 'அழி' என்று மற்றவற்றுக்குச் சொல்லும். கேட்கிறது கேட்கும், கேட்காதது கேட்காது.

நிற்க. "உண்மைக்கு எதற்கய்யா திரை? நாமே மூடி மறைக்கலாமா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். எச்சரிக்கை எழுதுவது மறைப்பதல்ல. "சாலை விபத்து, ரத்தம், இறந்தவர் முகம் தெரியாது" என்று எழுதினால் பார்க்க வேண்டியவன் திறந்து பார்ப்பான், போன மாதம் விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவன் தாண்டிப் போவான். இரண்டு பேருக்கும் மரியாதை செய்ததாகும். "பலவீனமான நெஞ்சுள்ளவர் பார்க்க வேண்டாம்!" என்று எழுதுவது எச்சரிக்கையல்ல, திருவிழாக் கொட்டகைக்காரன் டிக்கெட் விற்கும் கூப்பாடு.

இதற்கு நேர்மாறான அக்கிரமம் ஒன்றும் உண்டு. 2022இல் ட்விட்டர் கைமாறியபோது ஏராளமானவர்கள் மாஸ்டடானுக்கு வந்தார்கள். அவர்களில் கறுப்பு ஜனங்கள் தங்களுக்கு நடக்கும் இழிவை எழுதியதும், "இதற்குத் திரை போடுங்கள், எங்கள் மனம் நோகிறது" என்று பழைய வாசிகள் சிலர் சொன்னார்கள். எப்படி நியாயம்? அடிபட்ட உடம்பின் படத்துக்குத் திரை கேட்பது வேறு, அடித்தார்கள் என்ற பேச்சுக்கே திரை கேட்பது வேறு. பின்னதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீங்களும் சம்மதிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி எல்லாவற்றிலும் பெரிது. திரையெல்லாம் பார்க்கிறவனுக்குக் காவலே ஒழிய, படத்தில் கிடக்கிறவனுக்குக் காவலல்ல. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. நூறு திரை போட்டிருந்தேன் என்று கோர்ட்டில் சொன்னால் செல்லாது. சட்டத்தை விடுங்கள். நீதி கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவள் முகத்தையும் ஊரையும் பரப்பினால், கெடுத்தவன் ஒரு நாள் செய்ததை நாம் தினந்தோறும் செய்கிறோம். போட்டோவுக்குள்ளேயே எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். மாஸ்டடான் அதைக் கழித்துவிடுகிறது. எல்லா இடத்திலும் கழியும் என்று எண்ண வேண்டாம்; அனுப்பும் முன் நாமே கழித்துவிடுவது நலம்.

படத்திலிருப்பவரைக் கேட்டுப் போடுங்கள். அவர் இறந்திருந்தால் வீட்டாரைக் கேளுங்கள். கேட்க வழியில்லையென்றால் முகத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். வெட்டினால் விஷயம் விளங்காதென்றால் படமே வேண்டாம், நடந்ததை எழுத்தால் எழுதுங்கள். படம் போட்டாலும் எழுத்து வேண்டியதுதான். கண் தெரியாத தோழர்களுக்குச் செயலி படித்துக் காட்டுவதற்காக ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். மாஸ்டடானில் அதற்கு 1500 எழுத்து வரை இடமிருக்கிறது.