முக்காலே மூணு வீசம்



“ஊர்லே முக்காலே மூணு வீசம் பேரு வெளியூர் போயாச்சு” என்று நம்ம பக்கத்தில் இன்றைக்கும் பேசுகிறோம். வீசம் என்றால் 16இல் ஒரு பங்கு. முக்கால் என்பது 12 பங்கு. மூணு வீசம் சேர்ந்தால் 15. ஆக, ஒரு பங்கு ஆள்தான் ஊரில் பாக்கி! பேச்சில் கணக்கு இருக்கிறது. பேசுகிற நமக்குத்தான் அது மறந்துபோனது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது மறக்கவில்லை. எண்சுவடியை ராகம் போட்டே மனப்பாடம் செய்தார்கள். முந்திரி 320இல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா; அது 20இல் ஒன்று. மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி. அதுதான் நம்ம வீசம். பெயரைச் சொல்லும்போதே கூட்டல் முடிந்துவிடுகிறது!

இந்தக் கணக்கு எங்கே வாழ்ந்தது? கோயிலிலும் களத்திலும்தான். அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மன்னன் 290 காசு கொடுத்தான். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. மொத்தம் 580 கலம். முதல் தொகையில் கை வைக்காமல், வட்டி நெல்லில் பூசை நடக்கும் ஏற்பாடு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கணக்கு கல்லில் நிற்கிறது.

களத்துக்கு வாருங்கள். பொலி தூற்றி, அம்பாரம் குவித்தாயிற்று. அளக்கிறவர் முதல் மரக்காலை அள்ளும்போது “ஒன்று” என்று சொல்ல மாட்டார். “லாபம்” என்பார். அப்புறம்தான் “ரெண்டு, மூணு” என்று குரலை இழுப்பார். 21 மரக்கால் ஆனால் ஒரு கோட்டை. நிலத்தையும் அதே கணக்கில்தான் சொன்னோம்: இத்தனை கோட்டை விதைப்பாடு என்று.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. 16 அணா போய், ரூபாய்க்கு 100 காசு ஆனது. மெட்ரிக் அளவைகளும் வந்தன. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால், குத்தகை அளக்கிற ஏழைக்குத்தானே நஷ்டம்? கிலோ வந்தது நியாயம். ஆனால் அணா போனதும் வீசத்துக்கு வேலை இல்லை. மரக்கால் பரணுக்குப் போனதும் கோட்டைக்கு வேலை இல்லை. வேலை போன எண், வாயை விட்டும் போய்விடும்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பலுசிஸ்தானத்தில் பிராகுயி என்று ஒரு மொழி. நம் திராவிடக் குடும்பத்துப் பிள்ளைதான். அவர்கள் எண்ணுவதைக் கேளுங்கள்: அசிட், இரட், முசிட். நம்ம ஒன்று, இரண்டு, மூன்றுக்கு உறவு. நாலிலிருந்து எல்லாம் கடன் வாங்கிய எண்கள்! சந்தையில் என்ன எண் செல்லுமோ அதுதான் வாயில் நிலைக்கும். செல்போனில் விலையை ஆங்கிலத்தில் சொன்னால்தான் புரிகிறது என்கிற நம் பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

2019இல் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது. முந்திரியைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. நாம்?

ஆசிரியர்களே, பின்னம் நடத்துகிற அன்றைக்கு மாகாணியையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளே, வீட்டில் தாத்தாவிடமும் ஆச்சியிடமும் உட்கார்ந்து கேளுங்கள். களத்தில் எப்படி எண்ணினார்கள், எத்தனை படி ஒரு மரக்கால், கூலி எந்த அளவில் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயரைக் குறிக்க மட்டும் மறந்துவிடாதீர்கள். எந்த ஊர் மரக்கால் என்று தெரியாத கணக்கு யாருக்கும் உதவாது.