நடக்க இயலாதோர்: ஆணும் பெண்ணும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமது பள்ளிவாசலில் அமர்ந்து தொழுவோருக்கான நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. நிற்க இயலாதவருக்கு மார்க்கம் அளித்த சலுகை அது. ஆயினும் அந்நாற்காலிகளை எண்ணி, மஹல்லாவில் நடக்கச் சிரமப்படுவோர் இத்தனை பேர்தாம் என நாம் முடிவு செய்தால் கணக்குத் தவறிவிடும். அவற்றில் அமர்வோர் ஆண்கள் மட்டுமே.

உலகக் கணக்கு வேறு விதமாக உள்ளது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, 59 நாடுகளின் ஆய்வை எடுத்துரைக்கின்றது. அன்றாடச் செயல்களில் பெரும் சிரமம் உடையோர் வயது வந்த ஆண்களில் 12 விழுக்காடு, பெண்களிலோ 19.2 விழுக்காடு.

காரணங்கள் யாவை? முதலாவது மூட்டுத் தேய்மானம். 2019-இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். பெரிதும் பாதிக்கப்படுவது முழங்கால். இரண்டாவது எலும்புத் தேய்வு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெண்களின் எலும்பு விரைந்து வலுவிழக்கின்றது. 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவரும், ஆண்களில் ஐவரில் ஒருவரும் இதனால் எலும்பு முறிவுக்கு ஆளாகின்றனர். மூன்றாவது, பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். அவ்வாண்டுகள் தளர்ச்சியின் ஆண்டுகளாகவே கழிகின்றன.

ஆண்களின் நிலை வேறு. முதுகுத் தண்டுவடம் காயமுறும் பெரியவர்களில் ஆண்கள் பெண்களைப்போல் இரு மடங்கிற்கும் குறையார். சாலை விபத்தும், உயரத்திலிருந்து விழுதலும் முக்கியக் காரணங்கள். உழைத்துப் பொருளீட்டும் வயதில் ஒரே நாளில் ஒரு குடும்பம் சாய்ந்துவிடுகின்றது.

ஆக, ஆண் ஒரு நொடியில் முடங்குகின்றான். பெண் பல்லாண்டுகளாகச் சிறுகச் சிறுக முடங்குகின்றாள். முன்னதைக் கண்டு ஊரே ஓடி வருகின்றது. பின்னதை, "வயதானால் அப்படித்தான்" என்ற ஒரே சொல்லில் நாம் கடந்துவிடுகின்றோம். அவள் சமையலறையில் சுவரைப் பிடித்து நடப்பதை வீட்டாரும் கவனிப்பதில்லை. கேட்டால், "ஒன்றுமில்லை" என்பாள். நமது உதவிக் கணக்கிலும் அவளுக்கு இடமிருப்பதில்லை.

அன்பர்களே! மூட்டு வலிக்கு முழு ஓய்வே மருந்து என்பது தவறான எண்ணம். மருத்துவர் சொற்படி நடப்பதும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வலியைக் குறைக்கும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள உணவும் வெயிலும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் மொட்டை மாடியிலேனும் சற்று நேரம் நடக்க வழி செய்யுங்கள். கழிப்பறையில் கைப்பிடியும், உயர்ந்த இருக்கையும் அமைத்துக் கொடுங்கள். வழுக்கும் தரையை மாற்றுங்கள்.

ஜமாஅத்தும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பெண் மருத்துவரைக் கொண்டு ஆண்டுக்கொரு மூட்டு, எலும்புப் பரிசோதனை முகாம் நடத்தலாம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் வாங்கி வைத்துத் தேவையுள்ள வீடுகளுக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இருசக்கர வாகனத்தில் விரையும் நம் பிள்ளைகளைக் கண்டித்துத் தடுப்பதும் இதில் அடங்கும்.

நம்மைச் சுமந்து, நடக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்று அவர்களின் கைகளைப் பற்றி நடத்துவது நம் கடமை. வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.